நூறு ஆட்டம் போதுமா? பேக்கேமன் மேட்சில் வெல்லும் வாய்ப்பைக் கணினியால் கணிப்பது

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேக்கேமன் என்பது இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தி, தம் 15 காய்களையும் முதலில் வெளியேற்றப் போட்டியிடும் ஆட்டம். உங்களுடையது முதலில் ஐந்து புள்ளி எடுப்பவர் வெல்லும் மேட்ச். நீங்கள் 3-1 என்று முன்னால் இருக்கிறீர்கள். பந்தயத்தை இரட்டிப்பாக்கும் க்யூப் இன்னும் யார் கையிலும் இல்லாமல் நடுவில் இருக்கிறது. எதிராளி டபுள் கொடுக்கிறார், அதாவது பந்தயத்தை இரு மடங்காக்கலாம் என்கிறார்; விட்டால் அப்போதைய பந்தயத்தை இழந்து ஆட்டம் முடியும், ஏற்றால் இரு மடங்குக்கு ஆட்டம் தொடரும். நீங்கள் ஏற்றுத் தோற்றீர்கள். பிறகு அதே நிலையைக் கணினியில் அடுக்கி, அதையே இரு பக்கமும் 100 முறை ஆடவிட்டிருக்கிறீர்கள். 34 முறை உங்களுக்கு வெற்றி, 46 முறை சாதாரணத் தோல்வி, 20 முறை கேமன் தோல்வி, அதாவது ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் இரு மடங்கு புள்ளி இழக்கும் தோல்வி. "25 சதவீத வாய்ப்பு இருந்தால் டபுளை ஏற்கலாம்" என்று படித்திருக்கிறீர்கள். உங்களிடம் 34 இருக்கிறது. ஆனாலும் நிரல் விடச் சொல்கிறது. எதை நம்புவது?

நிரல் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 25 சதவீத விதி உங்கள் ஸ்கோருக்குச் செல்லாது. ஆனால் 100 ஆட்டத்தை வைத்து மட்டும் அதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் கணினி தரும் எண்ணைச் சரியாக வாசிக்க முடியும்.

அந்த விதி எங்கிருந்து வந்தது? மேட்ச் என்று எதுவும் இல்லாத தனி ஆட்டத்தில், டபுளை விட்டால் 1 புள்ளி போகும். ஏற்றால், ஜெயித்தால் 2 வரும், தோற்றால் 2 போகும். நான்கு முறை ஏற்று ஒரு முறை மட்டும் ஜெயித்தால் 6 போய் 2 வரும். நிகரம் 4 நஷ்டம். நான்கு முறையும் விட்டிருந்தாலும் அதே 4. ஆகவே 25 சதவீதம்தான் எல்லை. க்யூப் இனி உங்கள் கையில் இருக்கிறது, நிலைமை திரும்பினால் நீங்கள் திருப்பி டபுள் கொடுக்கலாம் என்பதால் நடைமுறையில் எல்லை இன்னும் சற்றுக் கீழே இறங்கும். இந்தக் கணக்கில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, எல்லாப் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. இரண்டு, கேமன் விழாது. உங்கள் ஆட்டத்தில் இரண்டுமே உண்மையில்லை.

மேட்சில் நாம் புள்ளி சேர்ப்பதில்லை. மேட்சை வெல்லும் வாய்ப்பைச் சேர்க்கிறோம். இதற்காக ஆடுகிறவர்கள் வைத்திருப்பது மேட்ச் ஈக்விட்டி அட்டவணை. இருவருக்கும் இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்று பார்த்தால், முன்னால் இருப்பவர் மேட்சை வெல்ல எத்தனை சதவீத வாய்ப்பு என்று அது சொல்லும். கிட் வூல்சி தொகுத்த அட்டவணை பல ஆண்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். பின்னால் வந்த ராக்வெல்-கஸாரோஸ் அட்டவணை கணினி ஓட்டங்களைக் கொண்டு கட்டப்பட்டது. பெரும்பாலான கட்டங்களில் இவை அதிகம் விலகுவதில்லை.

உங்களுக்கு இன்னும் 2 வேண்டும், எதிராளிக்கு 4. டபுளை விட்டால் அவருக்கு 3 வேண்டியிருக்கும். 2-க்கு 3 என்ற ஸ்கோரில் முன்னிலைக்காரர் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். ஏற்று ஜெயித்தால் க்யூபின் 2 புள்ளி போதும், மேட்ச் உங்களுடையது: 100. ஏற்றுச் சாதாரணமாகத் தோற்றால் இருவருக்கும் 2 வேண்டும்: 50. கேமனில் தோற்றால் அவருக்கு 4 புள்ளியும் வந்து மேட்ச் முடிந்தது: 0.

இப்போது உங்கள் 100 ஆட்டங்களை இதில் போடுங்கள். 34 வெற்றி 34 சதவீதம் தருகிறது. 46 சாதாரணத் தோல்வி அதில் பாதி, 23 தருகிறது. 20 கேமன் ஒன்றும் தராது. மொத்தம் 57. விட்டால் 60. எனவே விடுவதுதான் சரி, 3 சதவீத வித்தியாசத்தில். ஒரே முடிவில் 3 சதவீத மேட்ச் வாய்ப்பை இழப்பது பேக்கேமனில் பெரிய தவறு.

இதே நிலை தனி ஆட்டமாக இருந்தால்? 34 முறை இரண்டிரண்டாக 68 வரும். 46 முறை இரண்டிரண்டாக 92, 20 முறை நான்கு நான்காக 80, ஆக 172 போகும். நிகரம் 104 நஷ்டம். 100 முறையும் விட்டிருந்தால் 100 நஷ்டம். இந்த நூலிழை வித்தியாசத்தைக் கையில் இருக்கும் க்யூப் ஈடுகட்டிவிடும்; தனி ஆட்டத்தில் இது ஏற்க வேண்டிய டபுள். உங்கள் ஸ்கோரிலோ அந்த க்யூப் செத்த க்யூப். 2 புள்ளியே போதும் என்னும் நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்து ஒரு லாபமும் அடைய முடியாது. எதிராளியின் கேமன் மட்டும் முழு மேட்சையும் விழுங்கும்.

கேமன் எண்ணிக்கைதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதே 34 வெற்றியை வைத்துக்கொண்டு கேமன் தோல்வி 20-க்குப் பதில் 10 என்று வையுங்கள்: 34-உம் 28-உம் சேர்ந்து 62, ஏற்கலாம். கேமன் 14 என்றால் சரியாக 60, எப்படிச் செய்தாலும் ஒன்றுதான். கேமனே விழாது என்றால் 20 சதவீத வெற்றி வாய்ப்புக்கே ஏற்கலாம். தோல்விகளில் 30 சதவீதம் கேமன் என்றால் ஏற்பதற்குக் குறைந்தது 38.5 சதவீதம் தேவை. ஒரே ஸ்கோரில், ஒரே க்யூபில், எல்லை 20-இலிருந்து 38-க்கு மேல் போகிறது. அதனால்தான் "எத்தனை சதவீதம் ஜெயிப்பேன்" என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடும் எந்தக் கணிப்பும் மேட்சில் பாதிக் கணிப்புதான். வெற்றி, கேமன் வெற்றி, தோல்வி, கேமன் தோல்வி என்று நான்கையும் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். ஆட்டத்தின் பெயரையே கொண்ட, மூன்று மடங்கு தரும் பேக்கேமன் தோல்வியையும் சேர்த்தால் இன்னும் நல்லது. உங்கள் ஸ்கோரில் அதற்குக் கேமனைவிடக் கூடுதல் விளைவு கிடையாது.

இனி 100 ஆட்டம் போதுமா என்பது. இந்த முறையின் பிறப்பே 100 ஆட்டத்தோடு தொடர்புடையது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. 1946-இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் நோயிலிருந்து தேறிவரும்போது தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றிகரமாக முடிய என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், தலை சுற்றியது. நூறு முறை சீட்டைப் பரப்பி எத்தனை முறை முடிகிறது என்று எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அவரும் ஜான் வான் நியூமனும் நிக்கோலஸ் மெட்ரோபொலிஸும் அந்த யோசனையை அணு இயற்பியலுக்குக் கொண்டுபோனார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் அது மான்டே கார்லோ முறை ஆயிற்று. கணினிகள் வருவதற்கு முன்பே பேக்கேமன் ஆட்டக்காரர்களும் இதையே கையால் செய்தார்கள்: சர்ச்சைக்குரிய நிலையை அடுக்கிவைத்து இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப ஆடி, யார் சொன்னது சரி என்று பந்தயம் கட்டித் தீர்த்துக்கொண்டார்கள். இன்று நாம் ரோல்அவுட் என்பது அந்த இரவு வேலையைத்தான்.

நூறு முறை எண்ணினால் ஒரு விடை கிடைக்கும். எவ்வளவு பிசகும் என்பதும் அதோடு சேர்ந்தே கிடைக்கும். உங்கள் நிலையில் ஒவ்வோர் ஆட்டமும் 100, 50, 0 என்ற மூன்றில் ஒன்றைத் தருகிறது. 34, 46, 20 என்ற விகிதத்தில் இவற்றின் சிதறலைக் கணக்கிட்டால் திட்ட விலக்கம் சுமார் 36 வரும். சராசரியின் திட்டப் பிழை என்பது இந்த 36-ஐ ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. 100 ஆட்டத்துக்கு அது 3.6. இருபதில் பத்தொன்பது முறை உண்மை அடங்கும் இடைவெளி இதன் இரு மடங்கு, இரு பக்கமும். அதாவது உங்கள் 57 என்பது உண்மையில் 50 முதல் 64 வரை எங்கும் இருக்கலாம். 60 அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. 100 ஆட்டம் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

1,296 ஆட்டம் ஓட்டினால் திட்டப் பிழை சரியாக 1 சதவீதமாகும். 57 என்று வந்தால் இடைவெளி 55 முதல் 59. இப்போது 60 வெளியே போய்விட்டது. வர்க்கமூலம் என்பதால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் தேவை, பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. வித்தியாசம் 3 சதவீதம் இருக்கும் கேள்விக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம் போதும். இரண்டு நகர்வுகளுக்கு இடையில் அரை சதவீதம்தான் வித்தியாசம் என்றால் இதே முறையில் பத்தாயிரக் கணக்கில் ஓட வேண்டும்.

ஏன் 1,296? பல நிரல்களில் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பகடையை உருட்டினால் 36 விளைவுகள். 36-ஐ 36-ஆல் பெருக்கினால் 1,296. முதல் இரண்டு உருட்டல்களைத் தற்செயலுக்கு விடாமல், சாத்தியமான ஒவ்வொரு சோடியும் ஒரு முறை வரும்படி நிரல் அமைத்துக்கொள்கிறது. மூன்றாவது உருட்டலிலிருந்துதான் உண்மையான தற்செயல். அடுத்த இரண்டு உருட்டல்களிலேயே தலையெழுத்து தீர்மானமாகும் நிலைகளில், உதாரணமாக ஒரு காய் அடிபட்டால் எல்லாம் முடிந்தது என்ற நிலையில், இந்தச் சின்ன ஏற்பாடு பெரும் தற்செயலை நீக்கிவிடுகிறது.

அதைவிட அழகான உத்தி ஒன்று உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது அதுதான்: அதிர்ஷ்டத்தை அளந்து கழித்துவிடுவது. ஒவ்வோர் உருட்டலுக்கும் முன்பு நிரல் தன் மதிப்பீட்டால் எல்லா விளைவுகளையும் பார்த்து ஒரு சராசரியை எடுக்கிறது. வெவ்வேறான விளைவுகள் 21தான். இரு பகடையிலும் ஒரே எண் விழும் ஆறு டபுள்கள் ஒரு முறை, மற்ற பதினைந்தும் இரண்டு முறை என்று எடை போட்டால் 36. பிறகு உண்மையில் விழுந்த பகடை அந்தச் சராசரியைவிட எவ்வளவு நல்லது, எவ்வளவு கெட்டது என்று குறித்துக்கொள்கிறது. ஆட்டம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளையெல்லாம் கூட்டி முடிவிலிருந்து கழிக்கிறது. டபுள் ஆறாக விழுந்து நீங்கள் ஜெயித்த ஆட்டம் இப்போது 100 என்று பதிவாகாமல், அதிர்ஷ்டம் போக 59 என்று பதிவாகும். துரதிர்ஷ்டத்தால் தோற்ற ஆட்டம் 0-க்குப் பதில் 56 என்று பதிவாகும். சிதறல் சுருங்க, திட்டப் பிழையும் பல மடங்கு சுருங்குகிறது.

நிரலின் மதிப்பீடே தவறாக இருந்தால் இந்தக் கழித்தலும் தவறாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, அதுதான் இதன் அழகு. எல்லா 36 விளைவுகளின் சராசரியிலிருந்து அளப்பதால், மதிப்பீடு எவ்வளவு மோசமாக இருந்தாலும், கழிக்கப்படும் அதிர்ஷ்டத்தின் எதிர்பார்ப்பு எப்போதும் சுழிதான். மோசமான மதிப்பீடு சிதறலைக் குறைவாகச் சுருக்கும். சராசரியை ஒரு பக்கமாக இழுக்காது. மதிப்பீடு முழுக்கச் சரியாக இருக்குமானால், ஒரே ஓர் ஆட்டம் ஓட்டினாலே சரியான விடை கிடைத்துவிடும். உங்கள் நிரலில் இந்த வசதி இருந்து, அதை அணைத்து வைத்திருந்தால் இன்றே இயக்குங்கள்.

இரண்டு நகர்வுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே பகடை வரிசையைக் கொடுப்பதும் நல்லது. ஒன்றுக்கு நல்ல பகடை, மற்றதற்குக் கெட்ட பகடை என்ற அநியாயம் ஓரளவு குறையும்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடை முன்பே தெரிந்த நிலையில் உங்கள் நிரலை முதலில் சோதியுங்கள். கடைசி இரண்டு காய்கள், மொத்தம் 7 பிப் (வெளியேறக் கடக்க வேண்டிய கட்டங்கள்), ஒரே உருட்டலில் இரண்டையும் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். காய்கள் 5-இலும் 2-இலும் இருந்தால் 36-இல் 19 விளைவுகள் போதும், 52.8 சதவீதம். 4-இலும் 3-இலும் இருந்தால் 17, அதாவது 47.2. 6-இலும் 1-இலும் இருந்தால் 15தான், 41.7. பிப் கணக்கு மூன்றிலும் ஒன்றே. விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். பத்தாயிரம் முறை ஓட்டினால் திட்டப் பிழை அரை சதவீதம் என்பதால், இந்த மூன்று எண்களும் உங்கள் நிரலில் தெளிவாகப் பிரிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் டபுள் விழும்போது நான்கு முறை நகர்த்துவதில் ஏதோ பிசகியிருக்கும். பெரும்பாலும் அங்கேதான் பிசகும்.

காய்களை வெளியேற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டால் ரோல்அவுட் தேவையே இல்லை. ஒருவரின் 15 காய்கள் வீட்டுப் பகுதியின் ஆறு கட்டங்களில் இருக்கக்கூடிய விதங்கள், வெளியேறியவற்றையும் சேர்த்து, 54,264. இத்தனைக்கும் விடையை முன்பே கணக்கிட்டுக் கோப்பாக வைத்துக்கொள்வது இன்று எந்தக் கணினிக்கும் சாதாரண வேலை. இரு பக்கத்தையும் சேர்த்துத் துல்லியமாக வேண்டுமென்றால் அதன் வர்க்கம், சுமார் 294 கோடி நிலைகள். அதையும் ஹியூ ஸ்கோனியர்ஸ் கணக்கிட்டு முடித்துவிட்டார். நல்ல நிரல்கள் ரோல்அவுட் ஓடும்போதே, ஆட்டம் இந்தக் கட்டத்தை எட்டியதும் மேற்கொண்டு ஆடாமல் கோப்பிலிருந்து விடையை எடுத்துக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது தற்செயல் பிழை. ஆட்டங்களைக் கூட்டினால் அது கரையும். எத்தனை கோடி ஆட்டம் ஓட்டினாலும் கரையாத பிழை இன்னொன்று உண்டு: ஆடுவது யார் என்பது. ரோல்அவுட் சொல்வது "இந்த நிலையில் வாய்ப்பு 57" என்பதல்ல. "இந்த நிரல் இரு பக்கமும் ஆடினால் வாய்ப்பு 57" என்பதே.

1979-இல் மான்டே கார்லோவில், ஆம், அதே ஊரில்தான், ஹான்ஸ் பெர்லினர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதிய பிகேஜி 9.8 என்ற நிரல் அப்போதைய உலக சாம்பியன் லூயிஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. எந்த அறிவாட்டத்திலும் ஓர் உலக சாம்பியன் கணினியிடம் தோற்றது அதுவே முதல்முறை. பின்னால் அந்த ஆட்டங்களை அலசிய பெர்லினரே, பகடை தன் நிரல் பக்கம் நின்றது, வில்லாதான் சிறப்பாக ஆடினார் என்று எழுதினார். அந்தத் தலைமுறை நிரல்களை வைத்து ரோல்அவுட் ஓட்டினால் மோசமான ஆட்டக்காரர் இருவர் ஆடினால் என்ன ஆகும் என்பதுதான் தெரிந்திருக்கும். 7-1 என்ற ஒரு மேட்ச் எதையும் நிரூபிக்காது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேட்ச்களில் 55 சதவீதம் வெல்லக்கூடியவர் என்றால், அவர் மற்றவரைவிட மேல் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல சுமார் 400 மேட்ச் பார்க்க வேண்டும்.

நிலைமையை மாற்றியது ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ 1992 வாக்கில் உருவாக்கிய டிடி-கேமன். தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்ட நரம்பு வலைப்பின்னல் அது. ஆட்டத்தின் தொடக்கத்தில் 2-1, 4-1, 5-1 விழுந்தால் 6-ஆம் கட்டத்திலிருந்து ஒரு காயை 5-ஆம் கட்டத்துக்குத் தனியாக இறக்குவதுதான் வல்லுநர் வழக்கம். டிடி-கேமனோ பின்னால் இருக்கும் காய்களைப் பிரித்து 24-இலிருந்து 23-க்கு நகர்த்தியது. ரோல்அவுட்கள் அதையே ஆமோதித்தன. மனிதர்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். பிறகு ஜெல்லிஃபிஷ், ஸ்நோவி, கட்டணமில்லாத குனு பேக்கேமன், 2009-இல் எக்ஸ்ட்ரீம் கேமன் என்று வரிசையாக வந்தன. இன்றைய நிரல்களின் சாதாரண நிலை ஆட்டம் மனிதர்களின் உச்சத்துக்கு மேல். எனவே பெரும்பாலான நிலைகளில் "இந்த நிரல் ஆடினால்" என்ற நிபந்தனை அதிகம் உறுத்தாது.

உறுத்தும் இடங்களும் உண்டு. எதிராளியின் வீட்டுப் பகுதியில் இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடைசி நேரத்தில் அடிக்கக் காத்திருக்கும் பின்னாட்டம் அவற்றில் முதலாவது. இரு பக்கமும் நீண்ட சுவர் கட்டி யார் முதலில் உடைவது என்று நிற்கும் நிலை இன்னொன்று. இங்கெல்லாம் ஒரு பக்கத்தின் வேலை மறுபக்கத்தின் வேலையைவிடக் கடினம். நிரல் இரண்டு பக்கமும் ஒரே அளவு தவறு செய்தால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். கடினமான பக்கத்தில் மட்டும் தவறு செய்தால் எண் ஒரு பக்கமாகச் சாயும். ஆட்டத்தைக் கடைசிவரை ஓட்டாமல் சில நகர்வுகளோடு நிறுத்தி, அந்த இடத்தில் நிரலின் மதிப்பீட்டையே விடையாக எடுக்கும் குறுக்கு ரோல்அவுட்டில் இந்தச் சாய்வு இன்னும் நேரடியாக உள்ளே வந்துவிடும். சோதிக்க எளிய வழி: ஒரே நிலையை நிரலின் வேகமான அமைப்பில் ஒரு முறையும், ஒரு நகர்வு கூடுதலாக முன்னோக்கிப் பார்க்கும் அமைப்பில் ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டு விடைகளும் திட்டப் பிழைக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. திட்டப் பிழை 0.3 சதவீதமாக இருக்கும்போது விடைகள் 2 சதவீதம் விலகினால், நீங்கள் அளப்பது நிரலின் பலவீனத்தை. அங்கே ஆட்டங்களைக் கூட்டிப் பயனில்லை. நிரலைக் கூடுதலாக யோசிக்கவிட வேண்டும். முன்னோக்கிப் பார்க்கும் அளவை ஒவ்வொரு நிரலும் வேறு எண்ணிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். குனு சுழி என்று சொல்வதை எக்ஸ்ட்ரீம் கேமன் ஒன்று என்று சொல்லும்.

கணக்கின் இன்னொரு கால் அட்டவணை. அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. மேட்சின் முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டப்படுவது. முன்னிலைக்காரருக்கு 1 வேண்டும், பின்தங்கியவருக்கு 2, ஒருவருக்கு இன்னும் 1 புள்ளிதான் வேண்டும் என்றானதும் அடுத்த ஓர் ஆட்டத்துக்கு க்யூபைத் தடுக்கும் கிராஃபோர்டு விதிப்படி இந்த ஒரு ஆட்டத்தில் க்யூப் கிடையாது என்று வையுங்கள். இருவரும் சம வல்லமை. பாதி ஆட்டம் முன்னிலைக்காரருக்கு: 50. மீதிப் பாதியில் ஐந்தில் ஒன்று கேமன் என்றால் அந்த 10-இல் மேட்ச் போச்சு. மீதி 40-இல் இருவருக்கும் 1 வேண்டும், அதில் பாதி: 20. மொத்தம் 70, இதுதான் வூல்சி அட்டவணையில் இருக்கும் எண். கேமன் விகிதத்தை ஐந்தில் ஒன்று என்று எடுக்காமல், நிரல்களின் ஆட்டத்தில் தெரிவதைப்போல 26 சதவீதம் என்று எடுத்தால் அதே கணக்கு 68.5 என்று வரும். ஓர் அனுமானம் மாறியதும் ஒன்றரை சதவீதம் நகர்ந்துவிட்டது. உங்கள் நிலையில் 50 என்ற எண் சமச்சீரால் உறுதி. 100-உம் 0-உம் உறுதி. 60 மட்டும்தான் கணிப்பு. அது 59 ஆனாலும் முடிவு மாறாது, ஆனால் வித்தியாசம் 2 ஆகக் குறையும்.

மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அட்டவணை நினைவுக்கு வராவிட்டால் ரிக் ஜானோவ்ஸ்கியின் சூத்திரம் கைகொடுக்கும். முன்னிலையை 85-ஆல் பெருக்கி, பின்தங்கியவருக்கு வேண்டிய புள்ளிகளோடு 6 கூட்டி வந்த எண்ணால் வகுத்து, 50-ஐச் சேர்க்க வேண்டும். 2-க்கு 3 என்ற ஸ்கோரில் 85-ஐ 9-ஆல் வகுத்தால் 9.4, ஆக 59.4. மனக்கணக்குக்கு இது அதிகப்படியான துல்லியம்.

கடைசியாக, நீங்களும் எதிராளியும் சம வல்லமை உள்ளவர்களா? அட்டவணை அப்படித்தான் அனுமானிக்கிறது. 1992-இல் தொடங்கிய முதல் இணையப் பேக்கேமன் தளமான ஃபிப்ஸ் பயன்படுத்திய தரச் சூத்திரம், திறமையின் விளைவு மேட்ச் நீளத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வதாக வைத்துக்கொள்கிறது. 200 தரப்புள்ளி மேலே இருப்பவர் ஒரு புள்ளி மேட்சில் 55.7 சதவீதம் வெல்வார். ஏழு புள்ளியில் 64.8, இருபத்தைந்து புள்ளியில் 76. நீளமான மேட்சில் பொறுமைக்குப் பலன் உண்டு என்று மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வதன் எண் வடிவம் இது.

இதை உங்கள் டபுளில் பொருத்திப் பாருங்கள். நீங்கள் வல்லவர், 2-க்கு 3-இல் உங்களுக்கு 60-க்குப் பதில் 65, 2-க்கு 2-இல் 50-க்குப் பதில் 55 என்று வைத்தால், ஏற்றால் 34-உம் 25.3-உம் சேர்ந்து 59.3, விட்டால் 65. விடுவது இன்னும் உறுதியாகிறது. எதிராளி வல்லவர், உங்கள் எண்கள் 55-உம் 45-உம் என்று வைத்தால், ஏற்றால் 54.7, விட்டால் 55, கிட்டத்தட்ட சமம். ஆனால் அப்படிப்பட்ட எதிராளி இந்த ஆட்டத்தையும் உங்களைவிட நன்றாக முடிப்பார், ஆகவே 34 என்ற எண்ணே சற்று இறங்கும். எப்படிப் பார்த்தாலும் ஏற்பதற்கு வழி தெரியவில்லை.

அந்த நிலையை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க விரும்பினால், அதிர்ஷ்டக் கழித்தலை இயக்கி, 1,296 ஆட்டங்களைக் கடைசிவரை ஓட்டுங்கள். க்யூபை 2-இல் உங்கள் பக்கம் வைத்து, ஸ்கோரை 3-1 என்று கொடுங்கள். ஸ்கோரைக் கொடுக்க மறந்தால் நிரல் தனி ஆட்டமாக எண்ணி ஆடும். எதிராளிக்குக் கேமன் எவ்வளவு முக்கியம் என்பதை அறியாமல் பாதுகாப்பாக ஆடிவிடும், 20 என்ற கேமன் எண்ணிக்கை 17 ஆகவோ 16 ஆகவோ சுருங்கித் தெரியலாம். எல்லை 14 என்பதால், அந்த ஒரு மறதியே உங்களைத் தவறான பக்கத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.